மூளையின் "பசை"க்குப் பெயர் சூட்டிய நாடாளுமன்றவாதி

புது தில்லி: சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946-ல் அளித்த அறிக்கையை, சுகாதாரக் கொள்கை குறித்துத் தலைநகரில் விவாதிப்போர் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். வறுமையும் மோசமான குடியிருப்பும் நீடிக்கும்வரை மருத்துவமனைகளால் மட்டும் நோயை ஒழித்துவிட முடியாது என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கருத்தை அரசியல் கோரிக்கையாக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. மூளையில் நியூரான்களைச் சூழ்ந்துள்ள கிளியா செல்களுக்கு அப்பெயர் கிடைத்ததும் அவரால்தான். அந்தப் பெயரே அச்செல்களுக்கு நெடுங்காலம் பாதகமாக அமைந்தது.

இன்று போலந்தில் உள்ள ஒரு சிற்றூரில் 1821 அக்டோபர் 13-ல் பிறந்தவர் விர்ச்சோ. பெர்லினில் மருத்துவம் பயின்று, அங்கேயே சாரிதே மருத்துவமனையில் பணியாற்றினார். 1848-ன் தொடக்கத்தில் மேல் சைலேசியாவில் டைஃபஸ் காய்ச்சல் மக்களைக் கொன்று குவித்தது. ஆய்வு செய்து வருமாறு பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. மருந்துப் பட்டியலை எதிர்பார்த்த அரசுக்கு அவர் அளித்ததோ குற்றப்பத்திரிகை. பட்டினியும் கல்வியின்மையும் அரசின் அலட்சியமுமே நோய்க்குக் காரணம் என்றார். முழு ஜனநாயகம், போலந்து மொழி பேசும் அம்மக்களுக்குத் தாய்மொழிக் கல்வி, ஏழைகளின் வரிச்சுமை குறைப்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். திரும்பிய சில நாள்களிலேயே பெர்லின் புரட்சியில் தெருத் தடுப்பரண்களில் நின்றார். விளைவு, 1849-ல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல நேர்ந்தது.

மூளையில் நியூரான்களுக்கு இடையே பரவியிருந்த பொருளுக்கு 1856-ல் அவர் "நியூரோகிளியா" எனப் பெயரிட்டார். கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். அப்பொருளில் செல்கள் உண்டு என்பதையும், மூளைக் கட்டிகள் சில அங்கிருந்து எழுகின்றன என்பதையும் அவர் அறிந்தேயிருந்தார். ஆனால் அதன் வேலை தாங்கிப் பிடிப்பதே என்ற எண்ணம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டில் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1859-ல் நகர மன்ற உறுப்பினரானார். நகரின் கழிவுநீர்த் திட்டத்துக்காகப் போராடி வென்றார். 1862-ல் பிரஷ்ய நாடாளுமன்றத்தில் நுழைந்தார். அவையின் ஒப்புதலின்றி ராணுவத்துக்குச் செலவிட்ட பிஸ்மார்க்கை முற்போக்குக் கட்சியின் சார்பில் எதிர்த்தார். 1865-ல் அவரது பேச்சால் சினமுற்ற பிஸ்மார்க் இருவர் சண்டைக்கு அறைகூவல் விடுத்தார், விர்ச்சோ ஏற்கவில்லை. கிருமியுள்ள இறைச்சியை ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. 1880 முதல் 1893 வரை ஜெர்மனியின் மத்திய நாடாளுமன்றத்திலும் இருந்தார்.

அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற கொள்கையை நீண்ட காலம் ஐயத்துடனேயே நோக்கினார். 1902 ஜனவரியில், ஓடும் டிராமிலிருந்து இறங்கியபோது தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து மீளாமல் செப்டம்பர் 5-ல் காலமானார்.

மனிதனின் நோயைச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்காதவர் விட்டுச்சென்ற ஒரு சொல், நியூரானை அதன் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க வைத்தது விந்தைதான். செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருப்போருக்கு இது புதிதல்ல. பேசும் உறுப்பினர் மட்டுமே கண்ணில் படுவார். ஒலிவாங்கியை இயக்குபவரும் அவைச் செயலக ஊழியர்களும் இல்லையெனில் அவரது பேச்சு எவரையும் எட்டாது.

கிளியா செல்களின் நிலையும் இதுவே. அவற்றில் ஒரு வகையான ஆலிகோடென்ட்ரோசைட்கள் நரம்பிழைகளுக்கு உறையிட்டு மின்சமிக்ஞையை விரைவுபடுத்துகின்றன. மைக்ரோகிளியா, வேண்டாத இணைப்புகளை அகற்றுகிறது. ஆஸ்ட்ரோசைட்களோ, இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்தில் சிந்தும் குளூட்டமேட்டை உறிஞ்சிவிடுகின்றன. அது தேங்கினால் சமிக்ஞை குழம்பும்; செல்லும் அழியக்கூடும். இவை தமக்குள் கால்சியம் அலைகள் மூலம் செய்தி கடத்துவது 1990-ல் தெரியவந்தது. அவை வெளியிடும் குளூட்டமேட் நியூரான்களைத் தூண்டுவதை 1994-ல் சோதனைக்கூடத்தில் கண்டனர். நியூரான் சந்திப்பில் பங்காளிகள் இருவரல்லர், மூவர் என்ற கருத்து 1999-ல் முன்வைக்கப்பட்டது.

கிளியா செல்கள் நியூரான்களைப் போல் பத்து மடங்கு என்ற பழைய கணக்கும் நிலைக்கவில்லை. 2009-ல் வெளியான ஆய்வின்படி மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவுதான். உயிருள்ள மூளையில் ஆஸ்ட்ரோசைட்கள் உண்மையிலேயே குளூட்டமேட் மூலம் பேசுகின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் நீண்ட காலம் இரு அணிகளாக நின்றனர். அவற்றில் ஒரு குறிப்பிட்ட பிரிவு மட்டும் அவ்வாறு பேசுவதாக 2023-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.