நாம் அறியாத மெக்காலே

பழைய மாணவர் மலர் என்றால் மெக்காலேயைத் திட்டி ஒரு கட்டுரையாவது இருக்கும். நமக்குக் குமாஸ்தா படிப்பைக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரர் என்று. திட்டட்டும், தப்பில்லை. நான் எழுதப் போவது அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றி.

ஆம்பூர்ல நான் இருக்கிற ஷூ கம்பெனி கேண்டீனில், சந்தேகத்தில் மனைவியை வெட்டினான் என்று பேப்பரில் செய்தி வந்தால் உடனே தீர்ப்பும் வந்துவிடும். பாவம், ஆத்திரத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு என்பார்கள். ஆத்திரமும் பைத்தியமும் ஒண்ணா? நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டவர் மெக்காலே.

1800 அக்டோபர் 25-ல் பிறந்தார். அப்பா அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். மகன் வக்கீலுக்குப் படித்தும் அதில் சோபிக்கவில்லை. எழுத்து, பார்லிமெண்ட் என்று போய்விட்டார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. உயிரெல்லாம் தங்கைகள் ஹன்னா, மார்கரெட் மேல்தான். 1834 ஜூனில் கவர்னர் ஜெனரல் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக மெட்ராஸில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் ஊட்டியில் இருந்ததால், பெங்களூர், மைசூர் வழியாக 400 மைல் ஆட்கள் தோளில் பல்லக்குப் பயணம். நாம் வேலூரில் பஸ் அரை மணி லேட் என்றால் அலுத்துக்கொள்கிறோம்!

கூட வந்த ஹன்னா அந்த டிசம்பரில் கல்கத்தாவில் ட்ரெவெல்யனை மணந்தார். அடுத்த மாதமே ஊரிலிருந்து கடிதம். மார்கரெட் ஆகஸ்டிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். மனிதர் ஆடிப்போனார். தன் புத்தி கலங்காமல் காத்தது புத்தகங்கள்தான் என்று பிறகு நண்பருக்கு எழுதினார். நம் நாட்டு நூல்களை இளக்காரமாகப் பேசிய அந்தக் கல்விக் குறிப்பும் அதே 1835 பிப்ரவரியில் எழுதியதுதான். துக்கம் அதற்குச் சமாதானம் ஆகாது.

அதே வருஷம் சட்டக் கமிஷனுக்குத் தலைவரானார். சக உறுப்பினர்கள் நோயில் படுத்துவிட, பெரும்பாலும் அவரே எழுதிய தண்டனைச் சட்ட வரைவு 1837-ல் தயாரானது. சித்தம் கலங்கியவன் செய்தது குற்றமே அல்ல. ஆனால், திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டு ஆத்திரத்தில் கொன்றவன் குற்றவாளிதான். மனித உயிரின் மதிப்பு ஊருக்கு உறைக்க அவனைத் தண்டித்தே ஆகவேண்டும், கொலைகாரன் அளவுக்கு இல்லாமல். எங்க தொழிலில் கீறல் விழுந்த தோலைத் தூக்கிப் போட மாட்டோம், கிரேடைக் குறைப்போம். ஏறக்குறைய அந்தக் கணக்கு.

பைத்தியம் பற்றிய வாசகத்தைப் பின்னால் வந்தவர்கள், 1843-ல் லண்டனில் நடந்த மக்நாட்டன் வழக்கையொட்டி எழுந்த விதியின்படி இறுக்கினார்கள். செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறியவே முடியாதபடி மனநிலை கெட்டிருக்க வேண்டும். இதுதான் 84-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. கோபம் தலைக்கேறிவிட்டது என்பது மட்டும் இங்கே செல்லாது.

ஆத்திரத்துக்குக் கெடுவும் உண்டு. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவி தன் தொடர்பைச் சொல்லக் கேட்டார். குடும்பத்தை சினிமா தியேட்டரில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் எடுத்துக்கொண்டு, அந்த ஆளைச் சுட்டார். வீட்டை விட்டது 1.30 மணி, சுட்டது 4.20. மனசு ஆற நேரம் இருந்தது என்று 1961-ல் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. (1964-ல் கவர்னர் மன்னிப்பு கொடுத்தது வேறு கதை.)

எனக்கு இதில் ஒரு நெருடல். தூண்டப்பட்டேன் என்று சொல்லக் கொன்றவன் உயிரோடு இருக்கிறான். தூண்டியதாகச் சொல்லப்படுகிறவள் கூண்டேறி இல்லை என்று மறுக்க முடியுமா? கேண்டீன் தீர்ப்பில் அவள் பேரையே யாரும் எடுப்பதில்லை.

1838-ல் மெக்காலே ஊர் திரும்பினார். இங்கிலாந்து சரித்திரம் எழுதிப் பெரும் புகழ், 1857-ல் பிரபு பட்டம். வரைவு மட்டும் கல்கத்தாவில் தூங்கியது. 1859-ல் ட்ரெவெல்யன் மெட்ராஸ் கவர்னரானார். ஹன்னாவும் பின்னாலேயே கப்பலேறுவதாக ஏற்பாடு. தங்கையைப் பிரிய வேண்டுமே என்று அண்ணன் கலங்கிக் கிடந்தார். அவர் புறப்படுமுன், டிசம்பர் 28-ந் தேதி, வீட்டு நூலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெக்காலே உயிர் பிரிந்தது. அவர் எழுதிய சட்டம் 1860 அக்டோபர் 6-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.