மலையடியில் ஒரு படி

சால்ட் லேக் சிட்டி படம் ஒன்றை கூகுளில் தேடிப் பாருங்கள். ஊருக்குப் பின்னாலேயே சுவர் மாதிரி ஒரு மலைத்தொடர் நிற்கும். அதுதான் வாசாட்ச். அந்த மலையடியில் நிலநடுக்கத்தின் தடயத்தைப் படித்துச் சொன்னவர் க்ரோவ் கார்ல் கில்பர்ட்.

1843-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பிறந்தவர். 1871-ல் அமெரிக்க மேற்குப் பகுதியை அளக்கும் அரசுக் குழுவில் சேர்ந்தார். அதற்கப்புறம் பெரும்பாலும் மலையும் பாலைவனமும்தான் வாழ்க்கை.

வாசாட்ச் அடிவாரத்தில் ஓடைகள் கொட்டிய மண்ணையும் சரளையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, செங்குத்தான ஒரு படி நீளமாக ஓடுவதை அவர் கவனித்தார். மண் படிந்த பிறகுதானே அது உடைந்திருக்க முடியும்? அப்படின்னா உடைப்பு ரொம்பப் பழசு இல்ல. ஆனா 1847-ல் அங்கே குடியேறிய மக்கள் பெரிய நிலநடுக்கம் எதையும் பார்த்ததே இல்லை.

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் 1872-ல் நிலம் குலுங்கி 27 பேர் இறந்திருந்தார்கள். 1883-ல் கில்பர்ட் அங்கே போனார். சியரா நெவாடா அடிவாரத்தில் அதே மாதிரி படி! இது நிலநடுக்கம் போட்ட படி என்று தெரிந்துவிட்டது.

அவர் புரிந்துகொண்டது இதுதான். அழுத்தம் மெல்லச் சேரும். பிளவில் இருக்கும் உராய்வு அதைப் பிடித்து வைக்கும். தாங்காத கட்டத்தில் பாறை சட்டென்று நழுவும். மலை சில அடி உயரும், பூமி அதிரும். மறுபடி அழுத்தம் சேர ஆரம்பிக்கும்.

அதே வருஷம் செப்டம்பரில் சால்ட் லேக் நாளிதழுக்கு எழுதினார். மற்ற இடங்களில் புதுப் படி தெரிகிறது, ஊர்ப் பக்கத்தில் மட்டும் காணோம். நாமளா இருந்தா அப்பாடா, சேஃப் என்று நினைப்போம். அவர் நேர் எதிராகச் சொன்னார்: இங்கே இன்னும் அழுத்தம் தீரவில்லை, ஆபத்து இங்கேதான். எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. பட்டுத்தான் திருந்துவோம் என்றால், அதற்குள் ஊர் இடிந்து, பிழைத்தவர்கள் மரத்தால் திரும்பக் கட்டியிருப்பார்கள் என்று எச்சரித்தார்.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது பக்கத்திலேயே பெர்க்லியில் இருந்தார், அதையும் ஆராய்ந்தார். 1918-ல் இறந்தார். அவர் சொன்ன பெரிய அதிர்வு அதுவரை வரவில்லை.

பிற்காலத்து ஆய்வாளர்கள் அந்தப் படிகளில் பள்ளம் தோண்டி, மண் அடுக்குகளைப் படித்தார்கள். வாசாட்ச் பிளவின் நடுப்பகுதியில் கடந்த சுமார் 6,000 ஆண்டுகளில் குறைந்தது 22 பெரிய நிலநடுக்கங்கள்! 2020-ல் ஊரைக் குலுக்கியது வெறும் 5.7தான். பெரியது இன்னும் பாக்கி.

சிவில் மக்களே, நாளைக்கு சைட்டில் யாராவது இங்கெல்லாம் ஒண்ணும் வந்ததில்ல சார் என்று சொன்னால், கில்பர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஞாபகம் இல்லாததை மண் ஞாபகம் வைத்திருக்கும்.