மறதிக்கு மருந்து சொன்ன மாப்பிள்ளை லெப்பை ஆலிம்

சென்ற ரமலானுக்கு முந்திய ஒரு சம்பள நாளன்று, பஹாவ் பக்கத்துத் தோட்டக் கடையின் பின்கட்டில் நாம் இஷாவுக்கு இமாமாக நின்றோம். பற்றுவரவுக் கணக்கே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத்து இருப்பை மறந்து நேராக எழுந்துவிட்டோம். பின்னால் ஒருவர் ஸுப்ஹானல்லாஹ் என்றார். நிமிர்ந்து நின்றுவிட்டபடியால் நாம் திரும்ப உட்காரவில்லை. கடைசியில் ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தாச் செய்து முடித்தோம். ஹனபி மத்ஹபுக்காரரான நண்பர், ஸலாமுக்குப் பிறகல்லவா ஸஹ்வு ஸஜ்தா என்றார். அவர் மத்ஹபில் அது சரியே; நமது ஷாபிஈ. இதையெல்லாம் நம் முன்னோருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று பேச்சு வளரவே, இமாமுல் அரூஸ் நாயகத்தின் நினைவு வந்தது.

அன்னாரின் இயற்பெயர் செய்யிது முஹம்மது. 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வளர்ந்தார்கள். அங்கே தைக்கா சாகிபு வலியுல்லாஹ்விடம் ஓதி, அவர்களின் மகளையே மணந்தார்கள். அதனாலேயே மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற பெயர் நிலைத்தது. 1850இல் மாமனார் மறைந்தபின் அரூஸிய்யா மதரஸாவின் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. இலங்கைக்குப் பலமுறை கடல் கடந்து போய்ப் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் நிறுவினார்கள். நம் வியாபாரிகள் சரக்கோடு போன அதே தோணித்துறைகள்தாம்.

அக்காலத்தில் சட்டநூல்கள் அரபியில் இருந்தன. ஆலிம்கள் படித்தார்கள், கடைக்காரரும் வீட்டுப் பெண்களும் கேட்டறிந்ததோடு சரி. அன்னார் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழைக் கையாண்டு, ஃபத்ஹுத் தய்யான் என்னும் ஷாபிஈ சட்டநூலை ஆக்கினார்கள். குர்ஆன் ஓதப் பழகிய பெண், தமிழ் நெடுங்கணக்கு தெரியாமலே அதை வாசிக்கலாம். நம் வீட்டில் வாசித்தவர் வாப்பாவின் தாயார்தாம், வாப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

ஷாபிஈ சட்டம் இதில் தெளிவானது. மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் குறைந்ததை வைத்துக்கொண்டு இன்னொரு ரக்அத் தொழ வேண்டும். கல்லாப்பெட்டியில் நாம் செய்வதும் அதுதானே. சந்தேகமான வரவை வரவு வைப்பதில்லை! ஸுப்ஹில் குனூத் மறந்தாலும் இரண்டு ஸஜ்தா உண்டு. ருகூவின் தஸ்பீஹ் விட்டதற்கு வேண்டியதில்லை. ருகூவையே, ஸஜ்தாவையே விட்டிருந்தால் அதை நிறைவேற்றியாக வேண்டும். ஸஹ்வு ஸஜ்தா மட்டும் போதாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஒருமுறை ளுஹரில் நடு இருப்பை விட்டு எழுந்து, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தாச் செய்ததை அப்துல்லாஹ் இப்னு புஹைனா (ரலி) அறிவிக்கிறார்கள். அன்றிரவு நாம் பட்ட வெட்கம் இதை நினைத்தபோதுதான் தணிந்தது.

1898இல் அன்னார் வபாத்தாகிக் கீழக்கரையிலேயே அடங்கினார்கள். நூல் 1963இல் கொழும்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நம் கடையில் பாட்டியின் அரபுத்தமிழ்ப் பிரதி இருக்கிறது. நம் மகன் மலாயும் ஆங்கிலமும் படிப்பான், குர்ஆனும் ஓதுவான். ஆனால் இந்த எழுத்தை நீட்டினால் விழிக்கிறான். கடை அடைத்தபின் தினம் ஒரு பக்கம் அவனை எழுத்துக்கூட்ட வைக்கிறோம். இப்போது ஒளுவில் இருக்கிறான். தொழுகைப் பகுதிக்கு இன்னும் வரவில்லை.