டொக்டர் சுப்பாராவ்: பெயரை முன்னிறுத்தாத ஆய்வாளர்

கருவுற்ற காலத்தில் கிளினிக்குக்குச் சென்ற எம் சகோதரியர் எல்லோரும் போலிக் அமில மாத்திரையை அறிவர். செட்டிபாளையத்திலிருந்து வாவியைக் கடந்தால் வரும் படுவான்கரையில் வயல் செய்வோர் டொக்சிசைக்கிளினை அறிவர். சிறுநீரகத்தைத் தாக்கும் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வயற்காலத்தில் கொடுக்கப்படும் மருந்து அது. இவ்விரண்டின் வரலாற்றிலும் இடம்பெறும் ஒருவரின் பெயரை எம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அவர்தான் டொக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி அவர் பிறந்தார். சிறுவயதில் வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று காசிக்குப் புறப்பட்டவரைத் தாயார் வெங்கம்மாதான் மீட்டுவந்து மீண்டும் பாடசாலைக்கு அனுப்பினார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்த துயரம் அவரை ஆய்வின் பக்கம் திருப்பியது.

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியோடு அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இளம் மனைவி சேஷகிரி ஊரிலேயே தங்கினார். கணவரை அவர் பின்னர் காணவேயில்லை. பொஸ்டன் நகரில் சுப்பாராவ் இரவில் வைத்தியசாலையொன்றில் நோயாளரின் மலசலச் சட்டிகளைச் சுத்தஞ்செய்து செலவைச் சமாளித்தார்.

1925இல், பேராசிரியர் சைரஸ் பிஸ்க்கும் அவரும் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையை வெளியிட்டனர். தோன்றும் நீல நிறத்தின் செறிவைக்கொண்டு அளவை அறியும் எளிய முறை அது. சிறுநீரகம் செயலிழக்கும்போது குருதியில் பொசுபரசு கூடும். ஆகவே இம்முறை உலகெங்கும் வைத்திய ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் கையாளப்பட்டது. விஞ்ஞான உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்றாக அக்கட்டுரை விளங்குகிறது. 1929இல், உயிர்க்கலங்களின் சக்திக்கு ஆதாரமான ஏ.ரி.பி. பற்றியும் இருவரும் எழுதினர்.

இத்தனைக்கும் ஹாவார்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்துக்குச் சென்று, ஆய்வுப் பணிப்பாளரானார். பம்பாயில் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த வைத்தியர் லூசி வில்ஸ், அதைத் தீர்க்கும் பொருளொன்று ஈஸ்ட்டில் உண்டென 1931இல் காட்டியிருந்தார். அந்தப் பொருளே போலிக் அமிலம். அதை 1945இல் செயற்கையாக ஆக்கியது சுப்பாராவின் குழு. அங்கு ஆக்கப்பட்ட அமினோப்டெரினைக் கொண்டு, குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை சிட்னி பார்பர் 1948இல் அறிவித்தார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் ஐவரில் சுப்பாராவ் இல்லை.

டொக்சிசைக்கிளின் சேர்ந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஓரியோமைசின். அதுவும் அவரது பணிப்பின்கீழ் லெடர்லியில் பிறந்ததே. கண்டறிந்த பெஞ்சமின் டகரின் பெயரிலேயே அது வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும் அந்த ஆய்வுகூடத்து மருந்தே. அம்மருந்தும் துணைநிற்க, இலங்கை யானைக்கால் நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதை 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே அவர் காலமானார்.

பெயரை நாடாத பெருந்தன்மையைப் போற்றுவது எங்கள் வழக்கம். ஆயினும் இவரது வாழ்வு இன்னொன்றையும் கற்பிக்கிறது. ஹாவார்டில் அவர் பிரித்தெடுத்த சில சேர்மங்கள் பற்றிய செய்தி அக்காலத்தில் வெளிவராமற்போனதால், பல ஆண்டுகளின் பின் வேறு சிலர் அவற்றை மீளக் கண்டறிய நேர்ந்ததாக, நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் கூறியிருக்கிறார். எழுதி வெளியிடாத உழைப்பால் உழைத்தவர் மட்டுமன்றி நோயாளரும் இழக்கிறார்.

எம் சகோதரியர் பலர் இன்று வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் நாடெங்கும் கடல்கடந்தும் பணிபுரிகின்றனர். செய்ததை எழுதிவையுங்கள். உங்கள் பெயரை அதில் இடக் கூசாதீர்கள். உடன் உழைத்தவரின் பெயரையும் மறவாமல் சேருங்கள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பரீட்சையில் தேறிய மகனைக் கைவிடாத வெங்கம்மாவையும், காத்திருந்த சேஷகிரியையும் எந்தக் கட்டுரையும் குறிக்கவில்லை. நூற்றாண்டு காணும் இம்மலரிலாவது அவர்கள் பெயர் இருக்கட்டும்.