குன்றின்மேல் ஒரு தோட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைப் பிரகடனத்தை 1776-ஆம் ஆண்டில் வரைந்தவர் யார் என்று வரலாற்றுத் தேர்வில் கேட்டால், நம் மாணவியர் தயங்காமல் தாமஸ் ஜெபர்சன் என்று எழுதிவிடுவார்கள். அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் என்பதையும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அவர் வெண்டையும் கத்தரியும் எள்ளும் பயிரிட்டவர், விதை ஊன்றிய நாளையும் காய் பறித்த நாளையும் ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் ஏட்டில் குறித்து வந்தவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. கோடை விடுமுறையில் வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி போட ஆசைப்படும் மாணவியருக்காக அந்தத் தோட்டக்கார ஜெபர்சனைப் பற்றி எழுத முற்படுகிறோம். அத்தோட்டத்தில் அவர் மட்டும் இருக்கவில்லை. மற்றவர்களையும் பார்த்துவிட்டுத்தான் நாம் திரும்ப வேண்டும்.

ஜெபர்சன் 1743-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் ஷாட்வெல் என்னும் பண்ணையில் பிறந்தார். 1766-இல், இருபத்து மூன்று வயது நிரம்பும் முன்பே, தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். அதில் முதன்முதலாக அவர் எழுதியது ஹயசிந்த் என்னும் மணமுள்ள பூ மலரத் தொடங்கிய செய்தி. இடையிடையே விட்டுப்போனாலும் 1824 வரை அந்தக் குறிப்பேடு தொடர்ந்தது. பிறந்த இடத்திற்கு அருகிலேயே ஒரு குன்றின் உச்சியில் தாமே திட்டமிட்டு வீடு கட்டி, அதற்கு இத்தாலிய மொழியில் சிறுகுன்று எனப் பொருள்படும் மாண்டிசெல்லோ என்ற பெயரைச் சூட்டினார். 1772-இல் மார்த்தா என்னும் பெண்மணியை மணந்தார். பத்தே ஆண்டுகளில் அவ்வம்மையார் மறைந்தார். ஆறு பிள்ளைகளில் இரு பெண்மக்களே வளர்ந்து ஆளாயினர். பிறகு பிரான்சு நாட்டில் தூதர், வெளியுறவு அமைச்சர், துணைத் தலைவர் என்று பதவிகள் வந்தன. 1801 முதல் 1809 வரை அவர் குடியரசுத் தலைவராக இருந்தார்.

நாட்டை ஆளும் வேலை சிறிய வேலையன்று. இருந்தும் அந்த எட்டு ஆண்டுகளிலும் வாஷிங்டன் நகரச் சந்தைக்கு எந்தக் காய் எந்த நாளில் முதலில் வந்தது, எந்த நாளோடு நின்றது என்று 37 காய்கறிகளுக்கு ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தார். காய்கறி விலையைத் தினமும் பேசும் நம் தாய்மார்கள்கூட இப்படி ஒரு பட்டியல் போட்டிருப்பார்களா என்பது ஐயமே!

அவருடைய பெரிய காய்கறித் தோட்டம் பதவிக்காலத்தின் பிற்பகுதியில் உருவானது. குன்றின் தென்கிழக்குச் சரிவை வெட்டிச் சமன் செய்து, 1000 அடி நீளமும் 80 அடி அகலமும் உள்ள ஒரு நீண்ட மேடையாக ஆக்கினார்கள். மண் சரியாமல் தாங்கக் கல்சுவர் எழுப்பினார்கள். உயரமான இடத்தில் அச்சுவர் 12 அடிக்கும் மேல். மேடையை 24 சதுரங்களாகப் பிரித்து, காய்க்காக வளர்ப்பவை ஒரு பக்கம், கிழங்குக்காக வளர்ப்பவை ஒரு பக்கம், இலைக்காக வளர்ப்பவை ஒரு பக்கம் என்று ஒழுங்குபடுத்தினார். காலப்போக்கில் அங்கே 330 வகைக் காய்கறிகளும் மூலிகைகளும் வளர்ந்து பார்க்கப்பட்டன. அக்காலத்தில் அப்பகுதியில் பலரும் விரும்பிப் பயிரிடாத தக்காளி அங்கே விளைந்தது. அந்தத் தக்காளிச் சதுரத்துக்கு வெண்டையையோ எள்ளையோ வேலிபோல ஓரத்தில் நடுவது அவர் திட்டம். வெள்ளைக் கத்தரியையும் ஊதாக் கத்தரியையும் அடுத்தடுத்து நட்டு அழகு பார்க்கவும் எண்ணினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு அமெரிக்காவுக்கு வந்தது எள். அதன் எண்ணெய் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், விளைத்து எண்ணெய் எடுக்கவும் முயன்றார். இறைச்சியை அவர் கறிக்குத் தொட்டுக்கொள்ளும் துவையல் அளவில்தான் உண்பாராம். காய்கறியே அவருக்கு முதல் உணவு.

மாணவியர் வீட்டில் செய்து பார்க்கத் தக்க ஒன்றும் அவரிடம் உண்டு. லெட்டூஸ் கீரையை ஒரேயடியாக விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றிப்போகும். ஆகவே பிப்ரவரி முதல் நாளிலிருந்து செப்டம்பர் முதல் நாள் வரை, ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையிலும் தையல் வகுப்பில் நாம் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் அளவு விதையை மட்டும் தூவ வேண்டும் என்பது அவர் விதி. நம் ஊர் வெயிலில் லெட்டூஸ் எளிதில் வராது; தண்டுக்கீரைக்கும் முளைக்கீரைக்கும் இதே முறை நன்றாகப் பொருந்தும்.

பட்டாணி அவருக்கு மிக விருப்பமான காய் என்பார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணையாரிடையே ஆண்டுதோறும் ஒரு போட்டி உண்டு. யார் வீட்டுப் பட்டாணி முதலில் சாப்பாட்டு மேசைக்கு வருகிறதோ அவர் மற்றவர்களை விருந்துக்கு அழைக்க வேண்டும். பெரும்பாலும் வென்றவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்னும் நண்பர். ஓர் ஆண்டு ஜெபர்சனின் பட்டாணி முந்திக்கொண்டதாகவும், நண்பர் மனம் வாடக்கூடாதென்று அவர் அதை வெளியே சொல்லாமல் விட்டுவிட்டதாகவும் குடும்பத்தார் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு.

எல்லாம் செழித்தது என்று நினைத்துவிடக் கூடாது. வர்ஜீனியாவின் கோடை கடுமையானது. ஏடுகளில் பட்டுப்போனது, பூச்சி தின்றது, முளைக்கவில்லை என்ற குறிப்புகளே ஏராளம். 1793-இல் தோட்டம் பூச்சியால் பாழானதாகக் கேட்டு, மூத்த மகளுக்குக் கடிதம் எழுதினார். குற்றம் பூச்சியினுடையதன்று, மெலிந்த மண்ணினுடையது. குளிர்காலத்தில் தோட்டம் முழுவதும் கனமாகத் தொழு உரம் போட்டுவிட்டால் செடி வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் என்பது அவர் கருத்து. இன்று வேளாண்மை அலுவலர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

பூக்களுக்கு வீட்டின் மேற்குப் புல்வெளி. அங்கே வளைந்து செல்லும் நடைபாதையும், முட்டை வடிவப் பாத்திகளும் 1807, 1808-ஆம் ஆண்டுகளில் அமைந்தன. தாத்தா வாஷிங்டனில், தோட்டம் மாண்டிசெல்லோவில். பிலடெல்பியா விதை வணிகர் பெர்னார்ட் மக்மாகனிடமிருந்து கிழங்குகளை வரவழைத்துத் தருவார். கடிதங்களில் செடிகளை நலம் விசாரிப்பார். பார்த்துக்கொண்டவர்கள் பேத்திகள் ஆனும் எல்லனும். வந்த கிழங்குகளில் நம் வீட்டுச் சம்பங்கியின் அடுக்கு வகையும் ஒன்று என்பதை அறிய நமக்கு மகிழ்ச்சியே.

இந்த ஆன் என்னும் சிறுமியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1791-இல் பிறந்த இவள், பதினான்கு வயதில், அதாவது 1805-இல், வீட்டுச் செலவுக் கணக்கு எழுதத் தொடங்கி 1808-இல் திருமணமாகும் வரை எழுதினாள். அக்கணக்கில் கோழி, முட்டை, முட்டைக்கோஸ், வெள்ளரி, உருளைக்கிழங்கு, முலாம்பழம் என்று வாங்கிய பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. யாரிடம் வாங்கியது? சந்தையில் அன்று, அதே பண்ணையின் அடிமைகளிடம்!

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற கருத்தைப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதரை உடைமையாக வைத்திருந்தார். குன்றை வெட்டி மேடையாக்கியவர்கள் வேறொருவரிடமிருந்து கூலிக்கு எடுத்த அடிமைகள். அந்தக் கூலி அவர்கள் கைக்குச் செல்லாது, உடைமையாளருக்கே செல்லும். அடிமைகளுக்கு வாரந்தோறும் அளந்து தரப்பட்டது மக்காச்சோள மாவும், சிறிது பன்றி இறைச்சியும், உப்புமீனும். ஆகையால் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தங்கள் குடிசைப் பக்கத்தில் துண்டு நிலத்தைக் கொத்திப் பயிர் செய்தார்கள். உண்டது போக மிஞ்சியதைப் பெரிய வீட்டுக்கு விற்றார்கள். ஸ்குவயர் என்னும் முதியவர் அவ்வாறு பலவகைப் பொருள்களை விற்றவர். பேக்வெல், மினர்வா தம்பதியரும் விற்றனர். ஆயிரம் அடித் தோட்டம் உள்ள வீட்டுக்கு இந்தச் சிறு பாத்திகளிலிருந்து காய் போயிற்று, சில வேளை பருவம் தப்பிய காலத்திலும் போயிற்று என்றால், அங்கே சிறந்த தோட்டக்காரர் யார் என்று நாம் கேட்கலாம் அல்லவா?

பெரிய தோட்டத்திலும் முதன்மையாகப் பாடுபட்டவர் 1781-இல் பிறந்த வோர்ம்லி ஹியூஸ் என்னும் அடிமை. சிறுவயதில் ஆணி அடிக்கும் பட்டறையில் வேலை செய்தவர். வாஷிங்டனிலிருந்து வரும் செடிப் பெட்டிகளைப் பிரித்து நடுவதும், குழி தோண்டுவதும், விதைகளைப் பத்திரப்படுத்துவதும் அவர் பொறுப்பு. ஜெபர்சன் ஏட்டில் தேதி எழுதினார். மண்ணில் கை வைத்தவர் வோர்ம்லி.

ஆன் இல்லறத்தில் துன்பமே கண்டு, 1826 பிப்ரவரியில் முப்பத்தைந்து வயதில் இறந்தாள். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, ஜெபர்சன் கண்மூடினார். அவருக்குக் கல்லறைக் குழி தோண்டியவரும் வோர்ம்லிதான். ஜெபர்சன் விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். உயிலில் ஐவருக்கு மட்டுமே விடுதலை எழுதியிருந்தார்; அதில் வோர்ம்லி பெயர் இல்லை. ஜெபர்சனின் மகள் அவரைத் தம் விருப்பப்படி வாழ விட்டார். ஆனால் கடனை அடைக்க 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் வோர்ம்லியின் மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர்.

தோட்டமும் புல் மண்டிப்போயிற்று. 1939-இல் பூந்தோட்டத்தை மீட்க முனைந்தவர்கள், இரவில் மோட்டார் வண்டியின் விளக்கொளியைப் புல்வெளியில் படுக்கையாகப் பாய்ச்சி, நிழல் விழும் பள்ளத்தைக் கொண்டு பழைய நடைபாதையைக் கண்டுபிடித்தார்கள். 1979 முதல் காய்கறி மேடையை அகழ்ந்து, 1980-களில் அதையும் பழையபடி அமைத்தார்கள். மேடைக்கு நேர்மேலே, அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் இருந்த மல்பெரி வீதியும் அகழப்பட்டது. ஜெபர்சனின் பாத்திகளுக்கு அவருடைய ஏடு இருக்கிறது. அடிமைகள் தங்களுக்கென்று போட்ட பாத்திகளில் என்ன விளைந்தது என்பதை அறிய ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுவது ஆன் எழுதிய கணக்கைத்தான்.