செயலும் சங்கற்பமும்: நாவலர் பெருமான் சரித்திரத்தால் அறியத்தக்கது

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றனுள்ளே மனமே முதன்மையுடையது. கை செய்வது ஒன்றேயாயினும், அதனைச் செய்விக்கும் சங்கற்பம் வேறாயின் பயனும் வேறாம். தக்கன் வேதவிதி வழுவாது பெருவேள்வி செய்தான்; சிவபெருமானை இகழும் கருத்தோடு செய்தமையால் அவ்வேள்வி அவனுக்கே கேடாய் முடிந்தது. சாக்கிய நாயனார் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார். அன்பினால் எறிந்தமையால் அக்கல்லே மலராயிற்று. இவ்வுண்மை புராணத்தின்கண் மாத்திரமன்றி, அணித்தாகிய காலத்திலே நம் நாட்டில் வாழ்ந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்களுடைய சரித்திரத்தின்கண்ணும் இனிது விளங்குகின்றது.

நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய், 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18 ஆந் திகதி பிறந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் என்போரிடத்துத் தமிழிலக்கண விலக்கியங்களைக் கற்றார். பின்பு வெசிலியன் சங்கத்தாருடைய பாடசாலையிற் சேர்ந்து ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்துவேதத்தைத் தமிழிலே மொழிபெயர்த்தபோது அவருக்குப் பெருந்துணையாயிருந்தார்.

இங்கே ஒன்று கருதற்பாலது. பாடசாலை நடத்தும் முறை, பிரசங்கஞ் செய்யும் முறை, யாவர்க்கும் விளங்கும் வசனநடை, அச்சியந்திரத்தின் ஆற்றல் என்னும் நான்கையும் பாதிரிமார் எவ்வாறு கையாண்டனர் என்பதை நாவலர் அருகிருந்து கண்டார். அவை அந்நாளிலே நம்மவருட் பலரைப் பிறமதம் புகச்செய்யுங் கருவிகளாயிருந்தன. கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்கினாரும் உளர். அதன்வழியே இழுப்புண்டு சென்றாரும் உளர். நாவலரோ கருவி வேறு, அதனைச் செலுத்துங் கருத்து வேறு எனத் தெளிந்து, அக்கருவிகளையே சிவபணிக்கு உரியனவாக்கத் துணிந்தார்.

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம்முடைய முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவ்வாண்டிலேயே வெசிலியன் பாடசாலை உத்தியோகத்தையும் நீத்தார். முன்னும் ஆசிரியர், பின்னும் ஆசிரியர். முன்னும் எழுத்தும் சொல்லுமே தொழில், பின்னும் அவையே. புறத்தே காண்பார்க்குத் தொழில் மாறிற்றிலது. வேதனம் மாத்திரமே போயிற்று. அகத்தே சங்கற்பம் மாறியமையால், அத்தொழிலே ஒரு சமூகத்தின் தலையெழுத்தை மாற்றுவதாயிற்று.

ஒருவர் சங்கற்பம் உறுதியுடையதாயின், அவர் செயல்களெல்லாம் ஓரொழுங்குபட்டு நிற்கும். பாடசாலை வைத்தார், பிள்ளைகள் படித்தற்குப் புத்தகம் வேண்டியதாயிற்று. புத்தகத்தின்பொருட்டு அச்சியந்திரம் வேண்டியதாயிற்று. 1849 ஆம் ஆண்டிலே மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாடு சென்று, திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் என்னும் பட்டம் பெற்று, சென்னையிலே அச்சியந்திரம் வாங்கி மீண்டார். பட்டம் பெற்றவர் பண்டிதர்க்கே உரிய நூல்களை எழுதிப் புகழீட்டியிருக்கலாம். அவரோ சிறுவர்க்குப் பாலபாடம் எழுதினார், சைவவினாவிடை எழுதினார், 1852 ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை யாவரும் படித்தறியுமாறு வசனமாக்கி வெளியிட்டார். புலமையுடையார் இறங்கிவந்து எளிய நடை எழுதுதல் அரிது. யார்பொருட்டு எழுதுகின்றோம் என்னுங் கருத்துத் தெளிந்தார்க்கே அது கைகூடும். இல்வாழ்க்கையை மேற்கொள்ளாமையும் இச்சங்கற்பத்தின்பாற்பட்டதே. 1864 ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்.

சங்கற்பந் தூயதாயின் எடுத்த கருமமெல்லாம் உடனே நிறைவேறும் என்று கொள்ளற்க. சைவப்பிள்ளைகள் ஆங்கிலத்தின்பொருட்டுச் சமயம் விடுதலாகாது என்று எண்ணி, 1872 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றை நாவலர் ஆரம்பித்தார். பொருள் முட்டுப்பாட்டினாலே அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. புகழை நாடிச் செய்தவராயின் அதனோடு மனமுடைந்திருப்பார். அவரோ, அதன்பின் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி, பசித்தோர்க்கு உணவளித்தார். 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5 ஆந் திகதி சிவபதமடைந்தார். அவர் கண்காண நிறைவேறாத அக்கருத்து அவரோடு மாய்ந்ததன்று. 1888 ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றியது. 1890 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர், விதை ஒன்றே.

சைவப் பாடசாலை ஆசிரியர்களே, இச்சரித்திரத்தால் நாம் பெறற்பாலது யாது? 1960 ஆம் ஆண்டிலும் 1961 ஆம் ஆண்டிலும் பிறந்த சட்டங்களினாலே நம் முன்னோர் பிடியரிசி திரட்டி அமைத்த பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் வசமாயின. அதுகொண்டு, சைவக்கல்வியின் பொறுப்பு நம்மைவிட்டு நீங்கியதென்று எண்ணுவார் உளர். நிலமும் கட்டடமும் கைமாறலாம்; வகுப்பின்முன் நிற்கும் ஆசிரியர் நெஞ்சிலுள்ள சங்கற்பம் எச்சட்டத்தாலுங் கைமாறுவதன்று.

திருமுறைப் பாடத்தைப் பரீட்சைப் புள்ளியின்பொருட்டே கற்பிக்கலாம். பிள்ளையின் உள்ளத்திலே சிவபத்தி முளைத்தற்பொருட்டுங் கற்பிக்கலாம். பாடம் ஒன்று; நேரம் ஒன்று; வேதனமும் ஒன்று. வேற்றுமையைப் பாடசாலைப் பரிசோதகர் காணார், பிள்ளை காணும். சொல் மறந்த மாணாக்கனைச் சினவாது மீளச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையிலும், பின்வாங்கிலிருக்கும் வறிய பிள்ளையின்மேற் செல்லும் பார்வையிலும், தாம் கற்பித்தபடி தாம் ஒழுகும் ஒழுக்கத்திலும் ஆசிரியருடைய கருத்து வெளிப்பட்டேவிடும்.

ஆதலின், நாடோறும் பாடசாலையுட் புகுமுன் யார்பொருட்டு, எதன்பொருட்டுப் புகுகின்றோம் என்று தம்மைத் தாமே ஒருகால் வினாவுதல் ஆசிரியர்க்கு இன்றியமையாத நியமமாகும். அவ்வினாவிற்கு நாவலர் பெருமான் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தார். நாம் ஒரு நாளையேனும் அளிப்போமாக. திருவருள் துணைநிற்க.