யோசேப்பு இரப்பான்

தந்தையினின்று மைந்தனுக்கு இறங்கும் ஊர்த்தலைமை மதுரையைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில் வாழும் நம்மனோர்க்குப் புதிதன்று. அம்பலமென்றும் நாட்டாண்மையென்றும் அதனை வழங்குவோம். அதனால் விளையும் நன்மையையும், அதன்பொருட்டு உடன்பிறந்தாரிடை எழும் வழக்கையும் நம் சங்கத்தார் நன்கறிவர். ஆதலின், அத்தகைய தலைமை பெற்ற அயலார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யூதர் தம் நாட்டை இழந்து பல தேயங்களிற் சிதறியபோதும் தலைவரின்றி வாழ்ந்திலர். பாபிலோன் நாட்டில் தாவீது மன்னன் மரபினரெனக் கொள்ளப்பெற்ற ஒரு குடியினர், வழிவழியாக அவர்க்குத் தலைமை பூண்டு, நீதிபதிகளை நியமித்தும் வரி தண்டியும் வந்தனர். பகுதாது நகரத்துக் கலீபாக்களும் அத்தலைமையை ஏற்றனர். கடல் கடந்து சேரநாட்டிற் குடியேறிய யூதர் தம் முதற் பெருந்தலைவராகப் போற்றுபவர் யோசேப்பு இரப்பான் ஆவர்.

கி.பி. 1000-ஐ ஒட்டி, சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், கொடுங்கல்லூர் எனக் கருதப்பெறும் முயிரிக்கோட்டில் வீற்றிருந்து, இவர்க்கு அஞ்சுவண்ணமென்னும் வணிகக்குழுவின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் செப்பேட்டிற் பொறித்து அளித்தான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடைபாவாடை, பறை, காகளம், தோரணம் முதலியன அவற்றுட் சில. சுங்கமும் துலாக்கூலியும் நீக்கப்பெற்றன. ஏனைக் குடிகள் அரசற்கு இறுக்கும் வரியை இவர் இறுக்க வேண்டுவதின்று. அக்குடிகள் பெறும் பயனோ இவர்க்கும் உண்டு. இவ்வுரிமைகள் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என வழிவழிச் செல்லுமாறும் விதிக்கப்பட்டது. அச்செப்பேட்டின் எழுத்து, நம் பாண்டிநாட்டிலும் பண்டு வழங்கிய வட்டெழுத்தே என்பது அன்பர்கள் கருதத்தக்கது.

இத்துணைச் சிறப்புடைய தலைமை என்னாயிற்று? பிற்காலத்தே உடன்பிறந்தார் இருவர் தலைமைக்குப் போரிட்டமையால் அஃது அழிந்ததென்பது அவ்வினத்தாரிடை வழங்கும் செவிவழிச் செய்தி. 1524-இல் கொடுங்கல்லூர் யூதர் பகைவரால் தாக்குண்டனர். பின்னர்க் கொச்சி மன்னன் ஆதரவில் யூதர் 1568-இல் ஆங்கு ஒரு செபாலயம் எழுப்பினர். அவர்தம் தலைவர்க்கு முதலியார் என்னும் பட்டம் வழங்கிற்று. ஆண்டு அது பதவிப்பெயரேயன்றிச் சாதிப்பெயரன்று. 1948-க்குப் பின்னர் அவருட் பெரும்பாலோர் இசுரவேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர்.

பல்லக்கும் குடையும் மறைந்தன. எனினும், வந்தேறிய மக்களுக்கு நிழலாய் நின்ற ஒருவரின் பெயரை அவ்வினத்தார் எங்குச் சென்றும் மறந்திலர். மன்னன் அளித்த உரிமை வழிவழி வருவதாகலாம். அதனைக் காக்கும் ஒற்றுமையை ஒவ்வொரு தலைமுறையும் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். பட்டத்திற்கு வழக்காடும் குடும்பத்தார் இதனை உளங்கொள்வாராக.